ஜெபமா, செபமா? இணையத்தில் கிறிஸ்தவக் கலந்துரையாடல் குழுக்களைத் தேடும் முறை

எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் லேப்டாப் வாங்கினார். பெங்களூருவில் வேலை பார்க்கும் மகள் வாங்கி அனுப்பினார் என்று சொல்வதுதான் சரி. விண்டோஸ் செட்டப், வை-பை இணைப்பு, பிரிண்டர் எல்லாவற்றையும் நான்தான் போட்டுக் கொடுத்தேன். தெருவில் ஒருவன் சாப்ட்வேர் இன்ஜினியர் என்று தெரிந்துவிட்டால் மிக்ஸி ரிப்பேருக்கும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அது வேறு கதை. வேலை முடிந்து கிளம்பும்போது டீச்சர் கேட்டார்.

"தம்பி, எங்க சபையில வேதபாடம் முடிஞ்சதும் பத்துப் பேர் உட்கார்ந்து பேசுவோம். அது மாதிரி பேசுற இடம் இதுல இருக்கா?"

அவர் கணவருக்குப் பக்கவாதம். அவரைத் தனியாக விட்டுவிட்டு டீச்சரால் ஞாயிறு ஆராதனைக்குப் போக முடிவதில்லை. யாராவது துணைக்கு வந்தாலும், அந்த ஞாயிறு பௌர்ணமியாக இருந்தால் கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோ கிடைக்காது. ஒன்றரை வருடமாக அவருக்குச் சபை என்பது யூடியூப் பிரசங்கம் மட்டும்தான். "அவங்க பேசுறாங்க, நான் கேட்கிறேன் தம்பி. நான் ஒண்ணு கேட்டா பதில் சொல்ல ஆள் வேணும்" என்றார்.

"இருக்கு டீச்சர், அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் உட்கார்ந்தேன். ஐந்து நிமிடத்தில் முடியவில்லை. பல வாரங்கள் ஆயிற்று. நடுவில் டீச்சருக்குப் பணமும் கொஞ்சம் போயிற்று. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் கிறிஸ்தவ வாசகர்கள் அதே சுற்றைச் சுற்ற வேண்டாம் என்பதற்காக இதனை எழுதுகிறேன். மற்றவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பயன்படும்.

சொல் மாறினால் ஆள் மாறும்

முதலில் ஆங்கிலத்தில் தேடினேன். பக்கம் பக்கமாகக் குழுக்கள் வந்தன. திறந்து பார்த்தால் பெரும்பாலும் அமெரிக்கத் தேர்தல் சண்டை. டீச்சருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். ஆனாலும் நான்காவது பக்கத்தில், "இது நம்ம ஊர்ப் பேச்சு இல்லையே தம்பி" என்றார்.

அடுத்து தமிழில். நான் படித்தது இங்குள்ள டேனிஷ் மிஷன் பள்ளியில். ஆகவே கிறிஸ்தவச் சொற்கள் எனக்குத் தெரியும் என்ற ஒரு நம்பிக்கை. "சங்கீதம்" என்று தட்டி என்டர் அழுத்தினேன். கர்நாடக சங்கீதக் கச்சேரிகள் வரிசையாக வந்து நின்றன. யாரோ சொல்லிக் கேட்ட நினைவில் "பங்கு மக்கள்" என்று தட்டினேன். கத்தோலிக்கர்கள் தங்கள் ஆலய எல்லைக்குள் இருக்கும் சமூகத்தைப் பங்கு என்பார்கள். கூகுள் எனக்குக் காட்டியது பங்குச் சந்தை நிலவரம்.

இங்கேதான் டீச்சர் எனக்குப் பாடம் நடத்த ஆரம்பித்தார். தமிழ்க் கிறிஸ்தவத்தில் ஒரே பொருளுக்கு இரண்டு சொற்கள் உண்டு. எந்தச் சொல்லைத் தட்டுகிறோமோ அந்தச் சொல்லைப் பேசுகிறவர்கள்தான் நமக்குக் கிடைப்பார்கள். தேடு பொறிக்கு அர்த்தம் ஓரளவுதான் புரியும். மனிதர்கள் எழுதிய எழுத்தைத்தான் அது முதலில் பார்க்கிறது.

சீர்திருத்தச் சபையினர், பெந்தெகொஸ்தே சபையினர் "ஜெபம்" என்று எழுதுவார்கள். கத்தோலிக்கர்கள் பெரும்பாலும் "செபம்" என்று எழுதுவார்கள். ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஆனால் "ஜெபக் குழு" என்று தேடினால் வரும் முடிவுகளையும் "செபக் குழு" என்று தேடினால் வரும் முடிவுகளையும் பக்கத்துப் பக்கத்து டேபில் வைத்துப் பாருங்கள். இரண்டு தனி ஊர்கள் போல இருக்கும்.

இதுபோல இன்னும் பல. ஒரு பக்கம் பரிசுத்த வேதாகமம், மறு பக்கம் திருவிவிலியம். பரிசுத்த ஆவி அங்கே தூய ஆவி. பிரசங்கம் அங்கே மறையுரை. சங்கீதம் என்பது திருப்பாடல்கள். ஆதியாகமம் என்பது தொடக்க நூல். யாத்திராகமம் என்பது விடுதலைப் பயணம். அப்போஸ்தலருடைய நடபடிகள் என்பது திருத்தூதர் பணிகள். "ஆயர்" என்ற சொல் இன்னும் குழப்பமானது. கத்தோலிக்கர்களுக்கு ஆயர் என்றால் மறைமாவட்டத்தின் தலைவர். திருவண்ணாமலை அவர்களுடைய வேலூர் மறைமாவட்டத்தில் வருகிறது. லுத்தரன், தென்னிந்தியத் திருச்சபைகளில் ஆயர் என்றால் உள்ளூர்ச் சபையின் போதகர். அவருக்கு மேலே உள்ளவர் பேராயர். அதே "பேராயர்" கத்தோலிக்கத்தில் உயர் மறைமாவட்டத்தின் தலைவர். "ஆயர் பதில்கள்" என்று ஒரு குழுவுக்குப் பெயர் இருந்தால், பதில் சொல்பவர் யார் என்று பெயரை வைத்து முடிவு செய்ய முடியாது.

இந்த இரட்டை வழக்கு ஏன் வந்தது என்பதற்கு நீண்ட வரலாறு உண்டு. தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-ல் வெளிவந்தது. அதன் பிறகு பல திருத்தங்கள். இன்று சீர்திருத்தச் சபைகளில் பெரும்பாலும் வாசிக்கப்படும் மொழிபெயர்ப்பு ஹென்றி பவர் குழுவினர் திருத்தி 1871-ல் வெளிவந்தது. கர்த்தர், சுவிசேஷம் போன்ற சொற்கள் அந்த மொழிநடையைச் சேர்ந்தவை. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு 1995-ல் திண்டிவனத்திலிருந்து வந்தது. இரு தரப்புக்கும் பொதுவாகச் செய்யப்பட்டாலும், வழிபாட்டில் பரவலாக எடுத்துக்கொண்டவர்கள் கத்தோலிக்கர்கள்தான். மற்றவர்கள் பழகிய நடையை விடவில்லை. மனப்பாடம் செய்த வசனத்தை யார்தான் மாற்றிக்கொள்வார்கள்?

ஆகவே முதல் வேலை, உங்கள் ஆலயத்தில் பயன்படும் சொல்லையே தேடலில் தட்டுவது. இரண்டாவது, அந்தச் சொல்லோடு இன்னொரு சொல்லைச் சேர்ப்பது. "சங்கீதம்" என்று மட்டும் தட்டாமல் "சங்கீதம் 23 விளக்கம்" என்று தட்டுங்கள். கச்சேரி காணாமல் போகும். தேவையில்லாத முடிவுகள் இன்னும் வந்தால், அந்தச் சொல்லுக்கு முன்னால் இடைவெளி விடாமல் ஒரு கழித்தல் குறி இட்டுத் தேடுங்கள். பங்கு மக்கள் -சந்தை என்பது போல. சரியாக அந்தச் சொற்தொடர்தான் வேண்டும் என்றால் இரட்டை மேற்கோள் குறிக்குள் இடவும்.

இன்னொரு விஷயம். நம்மவர்களில் நிறையப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். ஆகவே "ஜெபம்", "வேத பாடம்" போன்ற சொற்களை ஆங்கில எழுத்திலும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். டீச்சருக்குக் கடைசியில் கிடைத்த குழுவின் பெயர் அப்படித்தான் இருந்தது. தமிழ் எழுத்தில் மட்டும் தேடியிருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது. பழைய தமிழ்த் தளங்கள் சிலவற்றில் வேறு சிக்கல். யூனிகோட் வருவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் ஏற்றப்பட்டவை அவை. தேடு பொறிக்கு அவை வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். அங்கே நல்ல கட்டுரைகள் இருக்கலாம், தேடலில் சிக்காது.

எங்கெங்கே இருக்கிறார்கள்?

இணையம் வந்த நாளிலிருந்தே கிறிஸ்தவர்கள் அதில் கூடிப் பேசி வந்திருக்கிறார்கள். யூஸ்நெட் காலத்திலேயே நெறியாளர் படித்துப் பார்த்த பிறகே கடிதம் வெளியாகும் கிறிஸ்தவக் குழு ஒன்று இருந்தது. பிறகு யாஹூ குரூப்ஸ் வந்தது. 2020 டிசம்பரில் மூடப்பட்டது. ஆர்குட் அதற்கும் முன்பே 2014-ல் போய்விட்டது. இன்று தமிழ்க் கிறிஸ்தவர்கள் பேசிக்கொள்வது பெரும்பாலும் பேஸ்புக் குழுக்களிலும் வாட்ஸ்அப்பிலும், ஓரளவு டெலிகிராமிலும்தான்.

பேஸ்புக்கில் மேலே உள்ள தேடல் கட்டத்தில் சொல்லைத் தட்டி என்டர் அழுத்தவும். முடிவுகளின் இடது பக்கத்தில் "குழுக்கள்" என்பதைக் கிளிக் செய்திடவும். ஒவ்வொரு குழுவின் பெயருக்கும் கீழே அது பொதுக் குழுவா, தனிப்பட்ட குழுவா என்று இருக்கும். பொதுக் குழுவில் நீங்கள் எழுதுவதை உலகில் யாரும் படிக்கலாம். தனிப்பட்ட குழுவில் உறுப்பினர்கள் மட்டும் படிக்கலாம். ஆனால் அந்த உறுப்பினர்கள் பத்தாயிரம் பேர் என்றால் அது எவ்வளவு தனிப்பட்டது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சேருவதற்கு முன் குழுவின் அறிமுகப் பகுதியைத் திறந்து பாருங்கள். அங்கே குழு எப்போது தொடங்கப்பட்டது, பெயர் எப்போது மாற்றப்பட்டது என்ற விவரம் இருக்கும். டீச்சருக்காகத் தேடியபோது ஒரு ஜெபக் குழுவைப் பார்த்தோம். அது முன்பு செகண்ட் ஹேண்ட் பைக் விற்கும் குழுவாக இருந்திருக்கிறது! உறுப்பினர் எண்ணிக்கை மட்டும் பல ஆயிரம். பைக் வாங்க வந்தவர்கள் எல்லாம் அவர்களுக்கே தெரியாமல் ஜெப வீரர்கள் ஆகியிருந்தார்கள்.

வாட்ஸ்அப்பில் தேடிக் கண்டுபிடிப்பது என்பதே கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர் சேர்த்துவிட்டால்தான் உண்டு. அழைப்பு லிங்க்குகள் இணையத்தில் உலாவும். 2020 பிப்ரவரியில் அத்தகைய லிங்க்குகள் கூகுள் தேடலிலேயே வந்து பெரிய செய்தி ஆயிற்று. முன்பின் தெரியாத லிங்க் வழியாகச் சேர வேண்டாம் என்பது என் கருத்து. சாதாரண வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்த உடனே உங்கள் போன் நம்பர் அங்குள்ள அத்தனை பேருக்கும் தெரியும். யார் வேண்டுமானாலும் உங்களைக் குழுவில் சேர்ப்பதைத் தடுக்க, வாட்ஸ்அப் செட்டிங்ஸில் பிரைவசி, அதில் குரூப்ஸ் என்று சென்று, உங்கள் தொடர்புகளில் உள்ளவர்கள் மட்டும் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். டெலிகிராமில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே பிரைவசி அமைப்பில் போன் நம்பரை யாரும் பார்க்க முடியாதபடி வைக்கலாம்.

ஆங்கிலம் தடையில்லை என்பவர்களுக்கு இரண்டு இடங்களைச் சொல்லலாம். ஒன்று ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் தளத்தின் கிறிஸ்தவப் பிரிவு. 2011-ல் தொடங்கியது. பெயரைப் பார்த்து இதுவும் பங்குச் சந்தை என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே அரட்டை கிடையாது. கேள்வி, பதில் மட்டும். "எது உண்மை?" என்று கேட்டால் கேள்வியை மூடிவிடுவார்கள். "இந்தச் சபைப்பிரிவு இதைப் பற்றி என்ன போதிக்கிறது?" என்று கேட்டால் ஆதாரத்தோடு பதில் வரும். சண்டைக்கு இடம் தராத இந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது. டீச்சருக்குப் பிடிக்கவில்லை. "பரீட்சை எழுதுற மாதிரி இருக்கு" என்றார்.

மற்றொன்று இங்கிலாந்தில் தொடங்கிய ஷிப் ஆஃப் ஃபூல்ஸ். 1977 முதல் 1983 வரை அச்சுப் பத்திரிகையாக வந்து, 1998-ல் இணையத்தில் மறுபடியும் தொடங்கியது. அங்கே பேச்சை அறைகளாகப் பிரித்திருந்த விதத்தை நான் ரசித்தேன். லேசான பேச்சுக்குச் சொர்க்கம், தீவிர விவாதத்துக்கு உத்தரிக்கும் ஸ்தலம், சண்டை போட விரும்புகிறவர்களுக்கு நரகம். எத்தனை வருடம் பேசினாலும் முடியாத தலைப்புகளுக்கு "செத்த குதிரைகள்" என்றே ஓர் அறை. நம் தமிழ்க் குழுக்களில் ஞானஸ்நானம் குழந்தைக்கா, பெரியவருக்கா என்ற விவாதத்துக்கு இப்படி ஓர் அறை கட்டினால் மற்ற இடமெல்லாம் அமைதியாகிவிடும்.

ஆமென் போட்டால் போதுமா?

டீச்சர் முதலில் சேர்ந்தது மிகப் பெரிய ஒரு பேஸ்புக் பொதுக் குழுவில். நான்தான் சேர்த்துவிட்டேன். உறுப்பினர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்கியது என் தவறு.

அவர் மனதில் ரொம்ப நாளாக இருந்த கேள்வியை அங்கே எழுதினார். யோபுவின் புத்தகத்தில், ஒரு குற்றமும் செய்யாத மனிதனுக்கு அத்தனை துன்பம். கடைசியில் கடவுள் பேசும்போதும் காரணம் சொல்லவில்லையே, ஏன்? ஒரு மணி நேரம் ஒற்றை விரலால் தட்டி எழுதிய கேள்வி அது. மறுநாள் காலை அறுபதுக்கு மேல் பதில்கள் வந்திருந்தன. ஆவலோடு திறந்தார். அத்தனையும் "ஆமென்". நடுவில் கை கூப்பிய படங்கள். ஒருவர் மட்டும் நிலம் விற்பனைக்கு என்று எழுதியிருந்தார்.

கேள்வியை யாரும் படிக்கவே இல்லை. இது எதனால் நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. "ஆமென் என்று டைப் செய்யுங்கள், ஆசீர்வாதம் பெறுங்கள்" என்று தினமும் படம் போடும் பக்கங்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பதிவுக்குப் பதில்களும் பகிர்வுகளும் அதிகமானால் பேஸ்புக் அதனை இன்னும் பலருக்குக் காட்டும். ஆகவே பக்தியாக ஒரு சொல்லைத் தட்டச் சொல்வது கூட்டம் சேர்க்கும் சுலபமான வழி. கூட்டம் சேர்ந்த பிறகு பெயரை மாற்றலாம், விளம்பரம் போடலாம். இப்படிக் கெஞ்சி வாங்கும் பதில்களைக் கொண்ட பதிவுகளைக் குறைத்துக் காட்டப்போவதாக பேஸ்புக் 2017 டிசம்பரில் அறிவித்தது. ஆனாலும் அவை நின்றுவிடவில்லை.

இதில் இன்னும் பெரிய விஷயம் ஒன்று 2021 செப்டம்பரில் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவ்யூ இதழில் வந்தது. பேஸ்புக் நிறுவனத்துக்குள்ளேயே 2019-ல் எழுதப்பட்ட ஓர் அறிக்கை அவர்கள் கையில் கிடைத்திருந்தது. அமெரிக்கக் கிறிஸ்தவர்களைக் குறிவைத்த மிகப் பிரபலமான பேஸ்புக் பக்கங்களை நடத்தியவர்கள் அமெரிக்கர்கள் அல்ல. கொசோவோ, மாசிடோனியா போன்ற கிழக்கு ஐரோப்பிய நாடுகளிலிருந்து இயங்கிய கூட்டத்தார். அங்கே இங்கே கிடைத்த பிரபலமான பதிவுகளை எடுத்து மறுபடியும் போட்டுக் கோடிக்கணக்கானவர்களைச் சென்றடைந்திருந்தார்கள். படித்தவர்களுக்கு, தங்கள் பக்கத்து ஊர்ச் சபைக்காரர் நடத்துகிறார் என்ற எண்ணம்.

ஆகவே எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். கடைசிப் பத்துப் பதிவுகளைத் திறந்து, அவற்றில் எத்தனைக்கு ஒரு வரியைத் தாண்டிய பதில் வந்திருக்கிறது என்று எண்ணுங்கள். யாராவது மாற்றுக் கருத்துச் சொல்லியிருந்தால் அவருக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். பதில் கிடைத்ததா, திட்டு கிடைத்ததா, ஆளையே நீக்கிவிட்டார்களா? நடத்துபவரின் பெயரைக் கிளிக் செய்து அவர் பக்கத்தைப் பாருங்கள். எந்த ஊர், எந்தச் சபை என்று வெளிப்படையாகச் சொல்லும் நெறியாளர் நல்ல அடையாளம். "கர்த்தருடைய ஊழியன்" என்பதைத் தவிர வேறு எந்த விவரமும் இல்லை என்றால் கொஞ்சம் நிதானியுங்கள்.

அந்தப் போன் அழைப்பு

யோபு கேள்விக்குப் பதில் வராத வருத்தத்தில், டீச்சர் அதே குழுவில் ஒரு ஜெப விண்ணப்பம் எழுதியிருக்கிறார். இது எனக்குப் பிறகுதான் தெரியும். கணவரின் பெயர், வயது, என்ன நோய், எந்த ஆஸ்பத்திரியில் பார்க்கிறார்கள், கடைசியில் "விரும்புகிறவர்கள் அழைத்து ஜெபிக்கலாம்" என்று சொந்தப் போன் நம்பர்.

இரண்டு நாள் கழித்து ஒருவர் அழைத்தார். ஸ்தோத்திரம் சொல்லி, தம்மைப் பாஸ்டர் என்று அறிமுகம் செய்துகொண்டார். கணவரின் பெயரைச் சொன்னார். "உங்கள் கணவரின் வலது கை அசையாமல் இருப்பதைக் கர்த்தர் எனக்குக் காண்பித்தார்" என்றார். டீச்சர் அதிர்ந்து போனார். வலது பக்கம் என்று தாமே முந்தின நாள் ஒருவருக்குக் கொடுத்த பதிலில் எழுதியிருந்தது அப்போது நினைவுக்கு வரவில்லை. அரை மணி நேரம் ஜெபம். முடிவில் விசுவாசக் காணிக்கை 3,000 ரூபாய். டீச்சர் யுபிஐ மூலம் அனுப்பினார். மறுநாள் அதே ஆள், உபவாச ஜெபத்துக்கு 15,000 என்றார். அப்போதுதான் சந்தேகம் வந்தது. ஆனால் எனக்குச் சொன்னது நான்காவது நாள். "வெட்கமா இருந்துச்சு தம்பி. முப்பது வருஷம் பசங்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன்" என்றார்.

1930 என்ற எண்ணுக்குப் போன் செய்தோம். இது பண மோசடிக்கான தேசிய சைபர் குற்ற உதவி எண். சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் என்ற அரசுத் தளத்திலும் புகார் பதிவு செய்தோம். வங்கிக்கும் தெரிவித்தோம். பணம் திரும்ப வரவில்லை. உடனே, முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் அழைத்தால், பணம் வேறு கணக்குகளுக்கு நகரும் முன் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. நாங்கள் நான்கு நாள் கழித்து அழைத்தோம். இதனைப் படிக்கும் நீங்கள் அந்த எண்ணை இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள். வெட்கப்பட நேரமில்லை.

பதிவை நீக்கலாம் என்று உட்கார்ந்தோம். பதிவின் வலது மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைக் கிளிக் செய்து நீக்கு என்பதைக் கொடுத்தால் போய்விடும். போயிற்று. ஆனால் அதற்குள் இரண்டு பேர் நல்லெண்ணத்தோடு அதனை முழுவதுமாகக் காப்பி செய்து வேறு குழுக்களில் போட்டிருந்தார்கள். அவர்களுக்குத் தனித்தனியாக மெசேஜ் அனுப்பினோம். ஒருவர் நீக்கினார். மற்றவர் இன்னும் மெசேஜைப் பார்க்கவில்லை. டீச்சரின் கணவருடைய நோய் விவரம் அங்கே இன்னமும் இருக்கிறது.

ஜெப விண்ணப்பம் எழுதவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அதற்காகத்தான் பலர் இந்தக் குழுக்களுக்கு வருகிறார்கள். "என் வீட்டில் ஒருவர் நோயாக இருக்கிறார், ஜெபியுங்கள்" என்பது போதும். பெயர், ஆஸ்பத்திரி, ஊர், போன் நம்பர், பிள்ளைகளின் படம் எதுவும் வேண்டாம். இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது டீச்சரே சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: "பேரைக் கர்த்தருக்குச் சொன்னாப் போதும், பேஸ்புக்குக்கு எதுக்கு?"

கேட்கும் முறை

அடுத்த தடவை நாங்கள் அவசரப்படவில்லை. நான்கு சிறிய குழுக்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டு வாரம் எதுவும் எழுதாமல் படிக்க மட்டும் செய்தார். புதிதாக ஒரு சபைக்குப் போனால் முதல் ஞாயிறே எழுந்து நின்று சாட்சி சொல்வோமா? கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்போம் இல்லையா, அது போலத்தான். ஒன்றில் ஓயாமல் மற்றச் சபைகளைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்துவிட்டார். ஒன்றில் மாதக் கணக்கில் யாரும் எழுதவில்லை. மூன்றாவதில் எந்தக் கேள்விக்கும் நெறியாளர் ஒருவரே பதில் சொன்னார். கடைசியில் அவருடைய புத்தகம் விற்பனைக்கு இருந்தது.

நான்காவது நிலைத்தது. நாற்பது பேர் சுமார் இருக்கும். வாரம் ஓர் அதிகாரம் என்று எடுத்துப் பேசுகிறார்கள். சேரும்போதே மூன்று விதிகளுக்குச் சம்மதம் கேட்டார்கள்: பணம் கேட்கக் கூடாது, பார்வர்டு மெசேஜ் கூடாது, தனி மெசேஜ் அனுப்பும் முன் குழுவிலேயே அனுமதி கேட்க வேண்டும். முதல் விதியைப் படித்ததும் டீச்சர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

யோபு கேள்வியை இங்கே மறுபடியும் எழுதினார். இந்த முறை நான் ஒரு யோசனை சொன்னேன். முழுப் புத்தகத்தைப் பற்றிக் கேட்காமல், அதிகாரம் 38 என்று குறிப்பிட்டு, தமக்குப் புரிந்தது என்ன, எங்கே நிற்கிறோம் என்பதையும் எழுதச் சொன்னேன். கம்ப்யூட்டர் சந்தேகம் கேட்பதற்கும் இதே முறைதான். "என் சிஸ்டம் ஓடவில்லை" என்றால் யாராலும் உதவ முடியாது. என்ன செய்தேன், என்ன எர்ரர் வந்தது என்றால் பதில் வரும். ஐந்து பதில்கள் வந்தன. இரண்டு பேர் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகவில்லை. ஒரு பெண், தன் அனுபவத்தில் இதற்கு விடை கிடைக்கவே இல்லை என்று மட்டும் எழுதியிருந்தார். டீச்சர் அதைத்தான் கணவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினார்.

தமிழில் தட்டுவதற்கு விண்டோஸிலேயே வசதி உள்ளது. செட்டிங்ஸில் நேரம் மற்றும் மொழி என்ற பகுதிக்குச் சென்று, தமிழைச் சேர்த்து, அதன் கீபோர்டுகளில் ஃபொனெடிக் வகையைத் தேர்வு செய்திடவும். 2019-ல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து இது இருக்கிறது. ஆங்கில எழுத்தில் ஒலிப்படி தட்டினால் தமிழாக மாறும். விண்டோஸ் கீயையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும். வேத வசனம் முழுவதையும் தட்ட வேண்டியதில்லை. தமிழ் விக்கிமூலத்தில் திருவிவிலியம் யூனிகோடில் இருக்கிறது. மற்ற மொழிபெயர்ப்புகளுக்கு யூவெர்ஷன் போன்ற பைபிள் தளங்களில் தமிழ் உண்டு. தேவையான வசனத்தைக் காப்பி செய்து ஒட்டிக்கொள்ளலாம். எந்த மொழிபெயர்ப்பு என்பதையும் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் பாதி விவாதம் சொல்லைப் பற்றியே போகும்.

கடைசியாக ஒன்று. நல்ல உரையாடல் கிடைத்தால் உங்களிடம் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். யாஹூ குரூப்ஸ் மூடப்பட்டபோது, எடுத்து வைக்காதவர்களின் பல ஆண்டுக் கடிதங்கள் அதோடு போயின. கன்ட்ரோல் கீயையும் பி எழுத்தையும் சேர்த்து அழுத்தி, பிரிண்டர் என்ற இடத்தில் பிடிஎஃப் ஆகச் சேமிப்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும், பேப்பர் தேவையில்லை. இதை டீச்சருக்கும் சொல்லிக் கொடுத்தேன். அவர் கேட்கவில்லை. ஒவ்வொரு வாரப் பேச்சையும் அச்சடித்து, பஞ்ச் செய்து, பைலில் கோத்து வைக்கிறார். கணவர் இடது கையால் பக்கம் புரட்டிப் படிக்க வசதியாகப் பெரிய எழுத்தில். அடுத்த கார்ட்ரிட்ஜ் எப்போது வாங்கி வருவாய் என்று நேற்றுக்கூடக் கேட்டார்.